கொப்புள நோய்க்கு ஸ்டீராய்டு: கடையில் வந்து கேட்ட சந்தேகங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் மருந்துக்கடை வைத்து 22 வருசமாகிறது. அதில் 6 வருசம் என் அத்தைக்கு பெம்பிகஸ் என்ற கொப்புள நோய் இருந்தது. அதனால் சீட்டில் ‘பிரெட்னிசலோன் 40’ என்று, அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பார்த்துவிட்டால் வந்தவரை உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசாமல் அனுப்புவதில்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவரவர் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் தோல் டாக்டர் வேலை.

அண்ணாச்சி, இது அக்கிதானே? வேளார் வீட்டுல போயி எழுதிட்டா சரியாயிரும்லா?

அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் வைரஸால் வருவது. உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டையாய் வரும், இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறும். செங்காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். பெம்பிகஸ் அப்படித் தானாக ஆறாது. தோலின் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்க ‘டெஸ்மோகிளின்’ என்றொரு பசை இருக்கிறது. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே அந்தப் பசையைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குவதுதான் பெம்பிகஸ். மேல்தோல் உரிந்து, தொட்டால் உடைகிற தளர்ந்த கொப்புளமாகும். பலருக்கு முதலில் வாயில்தான் புண் வரும்.

இதன் பங்காளி ஒன்று உண்டு, பெம்பிகாய்டு. அது பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. முதலில் தாங்கமுடியாத அரிப்பு, அப்புறம் எளிதில் உடையாத இறுக்கமான கொப்புளம். எது என்று தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகும். அம்மை என்று நினைத்து வேப்பிலை போட்டுப் பத்து நாள் காத்திருந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுவாரொட்டியா இது? பேரப்புள்ளயத் தூக்கலாமா?

ஒட்டாது. தாராளமாகத் தூக்கலாம். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதும் வேண்டாம். பேரனுக்குச் சளி காய்ச்சல் இருந்தால் அவன்தான் ஆச்சியிடமிருந்து இரண்டு நாள் தள்ளி இருக்கவேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

ஸ்டீராய்டுன்னா ஜிம்முல போடுறதுதானே? அத எதுக்கு எங்க அம்மைக்குக் குடுக்காவ?

பெயர் ஒன்று, ஆள் வேறு. ஜிம்மில் போடுவது ஆண் ஹார்மோன் வகை. உங்கள் அம்மாவுக்குக் கொடுப்பது கார்ட்டிசோன் வகை. சிறுநீரகத்தின் தலைமேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இதே சரக்கைத் தினமும் தானே தயாரிக்கிறது, ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமமான அளவு. 40 மி.கி. மாத்திரை என்றால் அதுபோல எட்டு மடங்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு மூன்று இடத்தில் தேவைப்படும்.

இந்த மாத்திர சாப்பிட்டா கிட்னி போயிரும்னு சொல்லுதாவளே?

கடையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதிகம் தவறானதும் இதுதான். சிறுபிள்ளைகளுக்கு முகம் வீங்கிச் சிறுநீரில் புரதம் போகும் கிட்னி நோய்க்கு முதல் மருந்தே பிரெட்னிசலோன். கிட்னியைக் கெடுப்பது நாம் மூட்டுவலிக்குக் கேட்காமலே வாங்கி விழுங்குகிற வலி மாத்திரை. அதை ஸ்டீராய்டோடு சேர்த்தால் வயிற்றுப் புண்ணும் வரும்.

ஸ்டீராய்டுக்கு முன்னால் என்ன நிலைமை என்றால், பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருசங்களுக்குள் இறந்துபோனார்கள். தோல் உரிந்த இடம் வழியாக நீர் வடியும், கிருமி புகும், வாய்ப்புண்ணால் சாப்பாடு இறங்காது. கார்ட்டிசோனைக் கண்டறிந்து பயன்படுத்திய மூவருக்கு 1950-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் பெம்பிகஸோடு வருசக்கணக்கில் வாழமுடியும் என்றானது.

அப்போ என்னதான் கெடுதல்? மறைக்காம சொல்லுங்க.

நிறைய இருக்கிறது. முதல் வாரத்திலேயே பசி பேய்ப்பசியாகும். தூக்கம் கெடும். சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள், சிலர் அழுவார்கள். என் அத்தை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அடுக்களைப் பாத்திரம் முழுவதையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் என்னமோ ஏதோ என்று பயந்தோம், மாத்திரையின் வேலை என்று அப்போது தெரியாது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாகப் போட்டால் தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. சுரப்பியும் இயல்பாகக் காலையில்தான் அதிகம் சுரக்கிறது.

மாதக்கணக்கில் போகும்போது முகம் உருண்டையாகும், வயிறு வைக்கும், தோல் மெலிந்து லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாமல் நடப்பதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்: சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், கண்புரை, கண் அழுத்தம், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய் விழித்துக்கொள்வது.

இரண்டு அறிகுறிகளை வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கவேண்டும். கக்கூசில் குத்தவைத்து உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழமுடியவில்லை என்றால் தொடைத் தசை பலவீனமாகிறது. சம்மணம் போடும்போது இடுப்படியில், தொடை சேரும் இடத்தில் வலி என்றால் இடுப்பெலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைகிறதோ என்று பார்க்கவேண்டும். ‘வயசாச்சுல்லா’ என்று விட்டுவிடாதீர்கள். சீக்கிரம் ஸ்கேன் எடுத்தால் பந்து உடைவதற்கு முன் ஏதாவது செய்யமுடியும்.

காலையில வெறும் வயித்துல பாத்தேன், சுகர் 98. அப்போ எனக்கு ஒண்ணும் இல்லல்லா?

காலையில் மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை ஏறுவது மதியத்துக்கு மேல். விடிவதற்குள் இறங்கிவிடும். வெறும் வயிற்றில் 98 காட்டுகிறவருக்கே மதியச் சாப்பாட்டுக்குப் பின் 260 இருக்கலாம். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்சுலின் தேவைப்படலாம். அது நிரந்தரம் என்று பதறவேண்டாம், டோஸ் குறையக் குறைய அதுவும் குறைய வாய்ப்புண்டு.

ஒரு நோய்க்கு அஞ்சாறு மாத்திர. கால்சியம், வாரத்துக்கு ஒண்ணுன்னு இன்னொண்ணு. இத விட்டா பரவால்லயா?

எலும்பு வேகமாகத் தேய்வது ஸ்டீராய்டு ஆரம்பித்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். அதனால் ‘கொஞ்ச நாள் பார்த்துட்டு வாங்கிக்கிடுதேன்’ என்பது இங்கே செல்லாது. கால்சியமும் வைட்டமின் டி-யும் கூடவே போகவேண்டும்.

எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க வாரம் ஒரு முறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரைக்கு முறை உண்டு. விடிகாலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்கவேண்டும். காப்பியோ பாலோ கூடாது. அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியத்தை அதோடு சேர்த்துப் போடாதீர்கள். தொண்டையிலேயே பெம்பிகஸ் புண் இருப்பவர்கள் இந்த மாத்திரையைத் தொடுவதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லவேண்டும்.

கொப்புளம் எல்லாம் காஞ்சிட்டு. நாலு நாளா நிறுத்திட்டேன். தப்பா?

தப்புதான். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான்.

மேலே சொன்ன 5 மி.கி. கணக்குக்கு வாருங்கள். வெளியிலிருந்து தினம் 40 மி.கி. வரும்போது சுரப்பி ‘நமக்கு வேலை இல்லை’ என்று தூங்கிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் போட்டவர்களுக்கு இது நடந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளவேண்டும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளிச்சரக்கும் இல்லை, உள்ளூர்ச் சரக்கும் இல்லை. முக்கூடல் பக்கமிருந்து பீடி சுற்றும் அக்கா ஒருவர் வருவார். முகம் வீங்குகிறது, கொண்டை போட்டால் ஆளே அடையாளம் தெரியவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னதற்காக ஒரே நாளில் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் வாந்தி, கிறுகிறுப்பு, பீடித் தட்டோடு எழுந்தவர் வாசலில் விழுந்தார். ரத்த அழுத்தம் பாதாளத்தில். ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏற்றிய பின்தான் கண் திறந்தார். அதோடு கொப்புளமும் திரும்ப வந்து, முன்னைவிடக் கூடுதல் டோஸில் ஆரம்பிக்க வேண்டியதானது.

புதுக் கொப்புளம் வருவது நின்று, பழையது ஆறிய பிறகு டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். மேல்படிகளில் வேகமாகவும் 10 மி.கி.-க்குக் கீழே மிக மெதுவாகவும் இறங்குவார்கள். கடைசிப் படிகளில்தான் சுரப்பி கண்விழிக்கிறது. நீங்கள் நிறுத்தி நாலு நாள் என்றால் நாளை வரை காத்திருக்காமல் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஒரு நாள் மறந்து போச்சுன்னா? வாந்தி எடுத்துட்டா?

அன்றைக்கே ஞாபகம் வந்தால் அப்போதே போடலாம். மறுநாள்தான் வந்ததென்றால் வழக்கமான அளவு மட்டும், இரட்டிப்பாக வேண்டாம். வாந்தி நிற்காமல் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் மேலே சொன்ன ஆபத்துதான், அன்றைக்கே ஊசி தேவைப்படும். கடும் காய்ச்சலின்போது டோஸைக் கூட்டவேண்டியிருக்கலாம், அதையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

40 மி.கி.ன்னா பயமா இருக்கு. வேற ஒரு எடத்துல சின்ன வெள்ள மாத்திர, 0.5 தான், குடுத்தாவ. அதையே போட்டுக்கிடவா?

இந்தப் பொறியில் படித்தவர்களும் விழுகிறார்கள். ஸ்டீராய்டில் மி.கி. எண்ணை வைத்து வீரியத்தை அளக்கமுடியாது. பிரெட்னிசலோன் 5 மி.கி.-க்குச் சமம் மெத்தில்பிரெட்னிசலோன் 4 மி.கி., டெஃப்லசாகார்ட் 6 மி.கி., டெக்ஸாமெத்தசோன் வெறும் 0.75 மி.கி. அந்தக் குட்டி மாத்திரையும் டெக்ஸாவோ பீட்டாமெத்தசோனோதான். உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் சுரப்பியை இன்னும் ஆழமாகத் தூங்கவைக்கும்.

சளி, மூட்டுவலி, உடம்பு ஊற என்று எல்லாவற்றுக்கும் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் இது ஒன்று இருக்கும். எங்கள் தொழிலில் உள்ளவர்களும் செய்கிறார்கள், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அட்டை இல்லாமல், பெயர் தெரியாமல் தருகிற மாத்திரையை வாங்காதீர்கள்.

வாயெல்லாம் வெந்து கெடக்கு. என்னத்தச் சாப்பிட?

குழைந்த சோறும் ஆறின பாலும், மிளகாய் இஞ்சி இல்லாமல் வைத்த சொதி, நன்றாக வெந்த இட்லியைத் தயிரில் ஊறவைத்தது. அத்தைக்கு மூன்று மாதம் இதுதான் ஓடியது. புளிக்குழம்பும் முறுகல் தோசையும் புண்ணில் முள்ளாகக் குத்தும். பசி வேறு பேயாக இருக்கும் என்றேனே, அதனால் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேருங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான். ‘இயற்கை’ என்று சொல்லி அல்வா அளவுக்கு உள்ளே தள்ளவேண்டாம்.

உப்புதான் நம் ஊரில் பெரிய சிக்கல். கல்லிடைக்குறிச்சி அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய். இவை இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பார்கள். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் கால் வீங்கும், அழுத்தம் ஏறும். நாக்கில் தயிராடை மாதிரி வெள்ளை படிந்தால் அது பூஞ்சை, தனி மருந்து உண்டு.

முதுகு துணியோட ஒட்டிக்கிடுது. எடுக்கும்போது உசுரு போவுது.

வாழையிலை. ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே பயன்படுத்துகிற வழி இது. அகலமான இளம் இலையை நடுத்தண்டு சீவி, சுத்தமாகக் கழுவி, ஆவி காட்டி, ஆறிய பின் மெத்தைமேல் விரிப்பது. இலையின் மேல்பக்கம் இயற்கையாகவே மெழுகு பூசியது, புண்ணில் ஒட்டாது, குளுகுளுவென்றும் இருக்கும். பருத்தி விரிப்பில் படுத்து எழுந்தபோதெல்லாம் தோலும் கூடவே வந்தது. இலையில் படுத்த முதல் ராத்திரிதான் அத்தை விடிய விடியத் தூங்கினார். தினமும் புது இலை மாற்றவேண்டும். எங்கள் பக்கம் ஆற்றங்கரை முழுக்க வாழைதான், அந்த ஒரு செலவு மட்டும் இல்லை.

சங்கரன்கோவில் புத்துமண்ண புண்ணுல பூசலாமா?

நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள். உரிந்த தோலில் மண் படக்கூடாது, ஸ்டீராய்டு போடுகிறவருக்கு அதில் வரும் கிருமியைத் தாங்கும் சக்தி குறைவு. சீசன் நேரத்துக் குற்றாலக் குளியலுக்கும் இதே பதில்தான், புண் முழுக்க ஆறட்டும்.

கருப்புப் பூஞ்ச வருமாமே? டிவியில காட்டினாவளே?

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் வந்தவர்களில் பலருக்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தன. மதியச் சர்க்கரையைப் பாருங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

நம் வட்டாரத்துக்கு இன்னொன்று முக்கியம். வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களின் பாதம் வழியாக ஒரு நுண்புழு உள்ளே போய், வருசக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் இருக்கும். அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் அது பல்கி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகும். ஆரம்பிப்பதற்கு முன் ‘நான் நடவு வேலைக்குப் போறவ’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மாத்திரை இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் முன்னாலேயே எடுக்கவேண்டும். அப்புறம், ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். 100 டிகிரிதானே என்று இருக்காதீர்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் அதிக டோஸில் கூடாது. மற்றவை போடலாம்.

அப்பாவுக்கு 82 வயசு. மாத்திர இல்லாம களிம்பு மட்டும் எழுதியிருக்காவ. வயசாளின்னு கழிச்சுக் கட்டுதாவளா?

அப்படி நினைக்காதீர்கள். பெம்பிகாய்டில் நல்ல சிகிச்சையே அதுதான். 2002-ல் பிரான்சில் நடந்த ஆய்வில், உடம்பு முழுக்கக் கொப்புளம் வந்த முதியவர்களில் ஒரு பாதிக்கு மாத்திரையும் மறுபாதிக்கு குளோபிட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பும் கொடுத்தார்கள். ஒரு வருசம் கழித்து மாத்திரைக்காரர்களில் 58 சதவீதமும் களிம்புக்காரர்களில் 76 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள்.

ஒரு நாளைக்கு 40 கிராம் வரை பூசும் முறை அது. ஒரு டியூபை ஒரு மாதம் ஓட்டுகிற கதை இல்லை. அவ்வளவு பூசினால் தோல் மெலியும், கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும், அதனால் இதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. மிச்சமான டியூபைப் பேரனின் படர்தாமரைக்குப் பூசிவிடாதீர்கள், தாமரை தோட்டமாகிவிடும்.

மாசம் மூணு நாள் பாட்டில் ஏத்துதாவ. மாத்திரய விட அது ஆபத்தில்லயா?

அது நம் நாட்டில் உருவான முறை. 1980-களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் ஜே.எஸ். பஸ்ரிச்சா தொடங்கியது. 100 மி.கி. டெக்ஸாமெத்தசோனைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து மெதுவாக மூன்று நாள் ஏற்றுவார்கள், நடுவில் ஒரு நாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்தும் சேரும். 28 நாளுக்கு ஒரு முறை. மேலே சொன்ன சமக்கணக்கில் போட்டுப்பார்த்தால் 100 என்பது மலைக்கவைக்கும். ஆனால் மாதத்தின் மற்ற நாள்களில் ஸ்டீராய்டு குறைவு அல்லது இல்லை என்பதால் முகவீக்கம் போன்றவை குறைவு. தினசரி மாத்திரையைவிட இது மேல் என்று சந்தேகமில்லாமல் நிரூபணமாகவில்லை. ஏற்றும்போது இதயத் துடிப்பு மாறலாம் என்பதால் கண்காணிப்பு வேண்டும், வீட்டில் ஏற்றும் வேலை இல்லை. சைக்ளோஃபாஸ்ஃபமைடு மூத்திரப்பையைப் புண்ணாக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிள்ளை பெறும் திறனையும் அது கெடுக்கக்கூடும். கல்யாணம் ஆகாதவர்கள் முதல் நாளே வாய்திறந்து சொல்லுங்கள்.

ஸ்டீராய்டே இல்லாம ஆக்குத ஊசி வந்துருக்காமே?

ரிட்டுக்ஸிமாப். முழுக்க இல்லாமல் ஆகாது, காலத்தைச் சுருக்கும். 2017-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 90 பெம்பிகஸ் நோயாளிகள். இரண்டு வருச முடிவில் கொப்புளமும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் இருந்தவர்கள், இந்த ஊசியோடு சில மாதம் மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களில் 89 சதவீதம், ஸ்டீராய்டு மட்டும் போட்டவர்களில் 34 சதவீதம். 2018-ல் அமெரிக்காவில் பெம்பிகஸுக்கு அங்கீகரித்தார்கள். போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி வகைக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். விலை அதிகம்தான். இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பு வந்தபிறகு குறைந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கேட்காமல் ‘நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது’ என்று முடிவுகட்டாதீர்கள்.

கூடவே நாட்டு மருந்தும் சாப்பிடலாம்லா?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊர் நம்முடையது, எனக்கும் அதில் மரியாதை உண்டு. பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்தால் இந்த மாத்திரைச் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள், அவர் மருந்தைத் தோல் டாக்டரிடமும் சொல்லுங்கள். எனக்குப் பயம் பெயரில்லாத பொடிமேல்தான். மூன்றே நாளில் கேட்கிற ‘மூலிகை’யில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பரிசோதனைகள் காட்டியதுண்டு. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சீந்தில் போன்றவற்றைத் தானாக எடுக்காதீர்கள். இங்கே நோயே எதிர்ப்புச் சக்தி துள்ளுவதால் வந்தது. சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

மகளுக்கு 27 வயசு. மாசமா இருக்கா. மாத்திரய நிறுத்திறட்டுமா?

நிறுத்தவேண்டாம், உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பிரெட்னிசலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடும், பிள்ளைக்குப் போவது கொஞ்சம்தான். டெக்ஸா அப்படியில்லை, நேராகப் போகும். சைக்ளோஃபாஸ்ஃபமைடும், அதுபோல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும் கர்ப்பத்தில் கூடாது. பிள்ளை பிறக்கும்போது ஓரிரு கொப்புளம் இருந்தாலும் அது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளின் வேலை, சில வாரத்தில் மறையும்.

மாத்திரய நிறுத்தி ஆறு மாசமாச்சு. பல்லு புடுங்கணும். பழைய கதையச் சொல்லணுமா?

சொல்லவேண்டும். சுரப்பி முழுசாகத் தேற ஒரு வருசம் வரை ஆகலாம். ஆபரேசன், விபத்து, கடும் காய்ச்சல் போன்ற நேரத்தில் உடம்பு கூடுதலாகக் கேட்கும், அப்போது கொடுக்க அதனிடம் இல்லாமல் போகலாம். எலும்புக்கு வாரமாத்திரை போட்டவர்கள் அதையும் பல் டாக்டரிடம் சொல்லவேண்டும், தாடை எலும்பு ஆறாமல் போவது அபூர்வமாக நடக்கிறது.

அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எத்தனை மி.கி., எத்தனை புதுக்கொப்புளம், மதியச் சுகர் என்று நாலு கட்டம் கிழித்து எழுதி வந்தார். மாத்திரை நின்ற பிறகும் பர்சை எடுக்கிறாரோ இல்லையோ, வெளியே கிளம்பினால் அது மஞ்சப்பையில் இருக்கும். பல் டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘தோல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் பிடுங்குவோம், அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பிவைத்தார்.